புரட்டாசி சனிக்கிழமையில் ஒரு பொய் கேட்டேன்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அந்தக் கூட்டத்தைக் கூட்டியது நான். அதில் விளையாட்டு வைத்தது நான். கடைசியில் எழுந்து நின்று கத்தியதும் நானேதான். இதில் எதற்காகவும் நான் வருத்தப்படுவதாக இல்லை. அன்றைக்கு வாய் தவறி ஒரே ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அதையும் திருப்பி வாங்க வழியிருந்தால் வாங்கிக்கொள்வேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. சென்னையில் ஒரு பெரிய கம்பெனி 'ஆட்குறைப்பு' என்று நாகரிகமாகச் சொல்லி என்னை வெளியே அனுப்பியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெரு முழுக்க, மகளுக்குச் சென்னைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். பெரியப்பா தன் பாத்திரக்கடையில் பில் போட ஆள் தேடிக்கொண்டிருந்தார். எவர்சில்வர் குடத்துக்கு நடுவே என் மீதி வாழ்க்கை கழியப் போகிறது என்று குடும்பமே முடிவு கட்டிய நேரத்தில்தான் ராஜபாளையத்தில் அந்த வேலை கிடைத்தது.

நூல் மில்களுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி. பேண்டேஜ் துணி குடோனுக்கு மேல் மாடியில் ஆபீஸ். முதலாளி ஜெகந்நாதன் சார், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஆச்சரியமோ கோபமோ வந்தால் மட்டும் ஆபீஸிலும் தெலுங்கு வரும். ஆறு மாதம் தற்காலிகமாகப் பார்க்கட்டும், அப்புறம் நிரந்தரம் என்றார். என் பொறுப்பு, ஆட்களை ஒருங்கிணைத்து வேலையை நேரத்துக்கு முடிக்க வைப்பது. கூடவே பதினைந்து நாளுக்கு ஒருமுறை எல்லோரையும் உட்கார வைத்து, போன பதினைந்து நாளில் எது சரியாக நடந்தது, எது சொதப்பியது, இனி எதை மாற்றலாம் என்று பேச வைப்பது. இதற்கு ரெட்ரோ என்று பெயர். சென்னையில் இதைப் பார்த்துவிட்டு வந்திருந்ததால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். (கொஞ்சமென்ன, நிறையவே.)

சிக்கல் என்னவென்றால், எங்கள் ஆபீஸில் யாரும் பேச மாட்டார்கள். டீக்கடையில் மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், மேசையைச் சுற்றி உட்கார வைத்து "என்ன சரியில்லை?" என்று கேட்டால், குரூப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைத்துவிடுவார்கள். அதனால்தான் கூட்டத்தின் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் ஏதாவது விளையாட்டு வைத்து வாயைத் திறக்க வைக்க வேண்டும். அதற்குத்தான் ஐஸ்பிரேக்கர். எனக்குச் சொல்லிக் கொடுத்தது அப்படி.

முதல் தடவை, "இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள், ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்றேன். ஆறு பேரும் "நல்லாருக்கேன்" என்றார்கள். அடுத்த தடவை, "உங்கள் மனநிலையை வானிலையாகச் சொல்லுங்கள்" என்றேன். ஆறு பேரும் "வெயில்" என்றார்கள். (ராஜபாளையத்தில் வேறென்ன சொல்வார்கள்.) மூன்றாவது தடவை, "நீங்கள் ஒரு விலங்காக இருந்தால் என்ன விலங்கு?" என்று கேட்டேன். புரோகிராம் எழுதும் பிரபு "நாய்" என்றான். அதன் பிறகு அசல் ராஜபாளையம் நாய்க்கு மூக்கு எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று முக்கால் மணி நேரம் சண்டை நடந்தது. ரெட்ரோ நடக்கவில்லை.

இதற்கிடையே பிரபுவும் கணேசன் அண்ணனும் ஒரு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. கணேசன் அண்ணன் செட்டியார்பட்டிக்காரர், பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். கேபிள் இழுப்பது முதல் சர்வர் வரை எல்லாம் அவர் கை. இருவரும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு முத்துலட்சுமி வழியாகத்தான் பேசுவார்கள். முத்துலட்சுமி வன்னியம்பட்டிப் பெண், சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கிறவள். "அந்த அண்ணங்கிட்ட சொல்லு", "அந்தத் தம்பிகிட்ட கேளு" என்று தபால் கொண்டுபோயே அவளுக்குப் பாதி நாள் போனது.

என் ஆறு மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ரேவதி, சனிக்கிழமை கூட்டத்துக்கு மில்லுல இருந்து சவரிமுத்து சார் வாராரு. நாம எப்படி வேலை பாக்குறோம்னு நேருல உக்காந்து பாக்கணுமாம். அவிய மில்லுதான் நமக்குப் பெரிய பார்ட்டி. கூட்டம் நல்லபடியா முடிஞ்சா திங்கக்கிழமை உனக்கு ஆர்டர். முடியலன்னா, நான் என்ன செய்ய, சொல்லு?"

எனக்கு எவர்சில்வர் குடங்கள் வரிசையாகக் கண்ணில் தெரிந்தன. சவரிமுத்து சார் அந்த மில்லின் மேனேஜர். அறுபதை நெருங்கியவர், அதிகம் பேசாதவர். அவர் வருவதில் எனக்குத் தனியாக ஒரு பயமும் இருந்தது. எந்த ஷிப்டில் எவ்வளவு நூல் ஓடியது என்ற ரிப்போர்ட் தினமும் காலை ஏழு மணிக்கு அவருக்கு ஈமெயிலில் போய்ச் சேரும். "அது தானா வரும் சார், மனுசக் கையே படாது" என்று மூன்று மாதத்துக்கு முன்னால் அவரிடம் பெருமை அடித்திருந்தேன். உண்மையில் அது தானாக வரவில்லை. புரோகிராம் பாதியிலேயே நின்றது. ரெண்டு நாள் மட்டும் சமாளி என்று முத்துலட்சுமியிடம் சொன்னேன். அவள் ஷிப்ட் எழுத்தர் அனுப்பும் போட்டோவைப் பார்த்து, வன்னியம்பட்டி வீட்டில் உட்கார்ந்து ஆறு மணிக்கே டைப் அடித்து அனுப்பினாள். அந்த ரெண்டு நாள் மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமைக்கு என்ன விளையாட்டு வைக்கலாம் என்று யோசித்து யோசித்து ஒன்றைப் பிடித்தேன். ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வேண்டும். இரண்டு உண்மை, ஒன்று பொய். எது பொய் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு "நல்லாருக்கேன்" என்று பதில் சொல்ல முடியாது, நாய்க்கும் இடமில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அது புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை. நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. எங்கள் வீட்டிலேயே அம்மா விரதம். காலையில் நான் ஏறிய பஸ்ஸில் பாதிப் பேர் நாமம் போட்டிருந்தார்கள். இத்தனையும் கண்ணால் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. சென்னை என் மூளையை எவ்வளவு கழுவியிருந்தது என்று பாருங்கள்.

மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். கணேசன் அண்ணன் நெற்றியில் நாமம், முத்துலட்சுமி நெற்றியில் நாமம். இரண்டு பேரும் விடியற்காலையில் திருவண்ணாமலை ஏறிவிட்டு வந்திருந்தார்கள். (நீங்கள் நினைக்கிற பெரிய திருவண்ணாமலை இல்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் குன்றின் மேல் பெருமாள் இருக்கிறாரே, அது.) சவரிமுத்து சாருக்கு முதலாளி தன் கையால் டீ எடுத்துக் கொடுத்தார். நான் விதியை விளக்கினேன். "மூன்றில் ஒன்று கண்டிப்பாகப் பொய்யாக இருக்க வேண்டும்" என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவள் நான்தான் என்று அப்போது தெரியாது.

"கணேசண்ணே, நீங்க ஆரம்பிங்க."

அவர் எழுந்து நின்றார். பட்டாளத்துப் பழக்கம்.

"பாப்பா, மலையேறி சாமி கும்பிட்டுட்டு வந்திருக்கேன். இன்னைக்குப் போயி பொய் சொல்லச் சொல்லுத?"

"விளையாட்டுதானண்ணே."

"விளையாட்டுக்குச் சொன்னாலும் பொய் பொய்தான. நான் மூணையும் நிசமாவே சொல்லிருதேன். ஒண்ணு, விடியுமுன்ன மலையில இருந்து இறங்கிட்டேன். ரெண்டு, மில்லுக்காரங்க முன்னால என் கேபிள குறை சொன்னான்னு ஒரு மாசமா பிரபுகூட பேசல. மூணு..." இங்கே கொஞ்சம் தயங்கினார். "நம்ம சர்வருல பேக்கப் ஆடி மாசத்துல இருந்து ஓடல. நிறுத்துனேன், திரும்பப் போட மறந்துட்டேன்."

"மூணாவது பொய்!" என்று மூலையிலிருந்து யாரோ உற்சாகமாகக் கத்தினார்கள்.

"பொய் எதுவுமில்லப்பா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

முதலாளி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். நான் அவசரமாகப் பிரபுவைக் கை காட்டினேன். அவன் நாமம் போடவில்லை. இவனாவது ஒரு பொய் சொல்வான் என்று மலை போல நம்பினேன்.

"எனக்கு விரதமில்ல. ஆனா எங்கம்மா விரதம்" என்றான் பிரபு. "நான் இங்க பொய் சொல்லி அங்க அவங்களுக்கு எதுவும் ஆச்சுன்னா? நானும் நிசந்தான் சொல்லணும். அண்ணனோட கேபிளு நல்லாத்தான் இருந்துச்சு. தப்பு என் புரோகிராம்ல. அன்னைக்குச் சாயங்காலமே கண்டுபிடிச்சுட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு, சொல்லல."

கணேசன் அண்ணன் மெதுவாகத் திரும்பினார். "ஏலே, ஒரு மாசமா தெரிஞ்சுக்கிட்டேவா பேசாம இருந்த?"

"மன்னிச்சிருங்கண்ணே."

"போலே கோட்டிப்பயலே" என்று அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான், ராசியாகிவிட்டார்கள். இந்த இடத்தில் வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒரு மாதச் சண்டை மூன்று நிமிடத்தில் முடிந்தது. எந்த விளையாட்டால் முடிந்தது? நான் வைத்த விளையாட்டால். இதைப் பற்றி இன்றுவரை எங்கள் ஆபீஸில் யாரும் பேசுவதில்லை. அடுத்து நடந்ததை மட்டும் பேசுவார்கள்.

அடுத்தது முத்துலட்சுமி. அவளை விட்டுவிட்டு நேராகக் கூட்டத்துக்குப் போயிருக்கலாம். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே எழுந்துவிட்டாள்.

"ஒண்ணு, நான் காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல. ரெண்டு, எனக்கு ரேவதியக்காவ கண்டா பயம்." கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். "மூணு, ஏழு மணி ரிப்போர்ட்டு தானா வரல. நான்தான் தெனமும் எந்திரிச்சு டைப் அடிச்சு அனுப்புதேன்."

சவரிமுத்து சார் டீ கிளாஸை மேசையில் வைத்தார்.

"அதுதான் பொய்!" என்றேன் நான். விதிப்படி எது பொய் என்று யூகிக்க எனக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை என் முழுக் குரலில் பயன்படுத்தினேன். "மூணாவதுதான் பொய்! கண்டுபிடிச்சுட்டேன்! அடுத்து யாரு?"

முத்துலட்சுமிக்கு அழுகை வந்துவிட்டது. "என்னக்கா இப்படிச் சொல்லுதீய? பெருமாள் மேல சத்தியமா நிசம்க்கா. நீங்கதான ரெண்டு நாளைக்குச் சமாளின்னு சொன்னீய?"

"ஏமம்மா இதி?" என்றார் முதலாளி. 'என்னம்மா இது' என்பதே தெலுங்கில் வந்துவிட்டது.

ஆர்டர் போச்சு. பெரியப்பா கடை ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கூடக் கேட்டது. அப்போது சவரிமுத்து சார் தொண்டையைச் செருமினார்.

"நானும் சொல்லலாமா?"

யாரும் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை.

"ஒண்ணு, எனக்கு இந்த டீ பிடிச்சிருக்கு. ரெண்டு, அந்த ரிப்போர்ட்டு கையால அடிக்கிறதுன்னு ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். ஒரு நாளு அதுக்கடியில, 'சார், இங்க கரண்டு இல்ல, மீதி அரை மணி நேரத்துல அனுப்புதேன்'னு எழுதியிருந்துச்சு. மிஷினு அப்படி எழுதாது. மூணு, அடுத்த மாசத்துல இருந்து இந்த வேலைய கோயம்புத்தூர் கம்பெனிக்குக் கொடுக்கப் போறேன்."

எனக்குள் என்னமோ அறுந்தது. இவ்வளவு நேரம் பயம்தான் இருந்தது. இனி பயந்து என்ன ஆகப் போகிறது என்று தெரிந்ததும் அது அப்படியே கோபமாக மாறியது. எழுந்து நின்றேன். நாற்காலி பின்னால் விழுந்தது.

"கொடுங்க சார்! தாராளமாக் கொடுங்க! பொய் சொன்னது தப்புதான். ஆனா ஏன் தானா வரலன்னு என்னைக்காச்சும் கேட்டீயளா? மிஷின் பக்கத்துல நாங்க வச்ச கம்ப்யூட்டரப் போயிப் பாருங்க! பிளக்கப் பிடுங்கிட்டு உங்க ஆளுக செல்போனு சார்ஜ் போடுதாங்க. போன வருச ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனம் இன்னும் பவர் பட்டன்ல காஞ்சு கெடக்கு, அமுக்க முடியல. கீபோர்டுக்குள்ள எம்புட்டு பஞ்சு தெரியுமா? ஒரு தலையணை தைக்கலாம்! ஷிப்ட் எழுத்தர் நம்பர கம்ப்யூட்டர்ல போட மாட்டாரு, கையில எழுதி போட்டோ எடுத்துத்தான் அனுப்புவாரு. நாலு தடவ லெட்டர் எழுதுனேன், ஒருத்தரும் பதில் போடல. இந்தப் பிள்ள தூக்கத்தத் தொலைச்சு மூணு மாசம் டைப் அடிச்சிருக்கா. நாங்களாவது ராத்திரி பகலாப் பாத்தோம். கோயம்புத்தூர்க்காரன் வந்து அந்தச் சந்தனத்தச் சொரண்டட்டும்!"

இன்னும் நிறையச் சொன்னேன். மில் கேண்டீனைப் பற்றிக்கூடச் சொன்னதாகச் சாட்சி இருக்கிறது. மூச்சு வாங்கி நிறுத்தியபோது சவரிமுத்து சார் என்னை ஏறிட்டுப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. உண்மையான குழப்பம்தான் இருந்தது.

"எம்மா, மூணுல ஒண்ணு கண்டிப்பா பொய்யா இருக்கணும்னு நீதான சொன்ன?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"எனக்கு விரதம் கிரதம் எதுவுமில்ல. சரி, சொன்ன மாதிரியே விளையாடுவோம்னு மூணாவதப் பொய்யா வச்சேன். தப்பா விளையாடிட்டனா?"

அந்த அறையிலேயே என் விளையாட்டைச் சரியாக விளையாடிய ஒரே மனிதரை நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன். விதியை இரண்டு தடவை அழுத்திச் சொன்ன வாயாலேயே திட்டியிருக்கிறேன். அப்போதுதான் அந்த மன்னிப்பைக் கேட்டேன். "சாரி சார்" என்றது எனக்கே கேட்கவில்லை. விழுந்த நாற்காலியைப் பிரபு தூக்கி வைத்தான். சவரிமுத்து சார் மீதி டீயைக் குடித்தார். "திங்கக்கிழமை மில்லுக்கு வாங்க" என்று முதலாளியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே அழுதேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, ஏதோ வேண்டுதல் போல என்று நினைத்துத் துளசி கொடுத்தார். வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அம்மா முதலில் கேட்டது, "புரட்டாசி சனிக்கிழமை பொய் சொல்லச் சொன்னியாட்டி?" என்பதுதான். வேலை போவதெல்லாம் அவளுக்கு அதற்கப்புறம்தான். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பெரியப்பாவிடம் கடை விஷயமாகப் பேசத்தான் போகிறார் என்று நினைத்தேன். (வாழைப்பழம் வாங்கப் போயிருக்கிறார்.)

திங்கட்கிழமை முதலாளியோடு மில்லுக்குப் போனேன். கூடவே முத்துலட்சுமியும் வந்தாள். சவரிமுத்து சார் அறையில் மூன்று ஷிப்ட் எழுத்தர்களும் எலக்ட்ரீஷியனும் வரிசையாக நின்றிருந்தார்கள்.

"எம்மா, சனிக்கிழமை சொன்னதையெல்லாம் இவங்ககிட்ட ஒரு தடவ சொல்லு" என்றார்.

எனக்கு ஒரு வார்த்தைகூட ஞாபகமில்லை. கோபத்தில் கத்தியதை யார் மனப்பாடம் செய்வார்கள்? முத்துலட்சுமி நோட்டைத் திறந்தாள். கூட்டத்தில் பேசியதைக் குறித்துக்கொள்வது அவள் வேலை. அழுதுகொண்டே அத்தனையையும் குறித்திருக்கிறாள். பதினோரு குறைகள், வரிசை எண்ணோடு. பன்னிரண்டாவதாக, 'கோயம்புத்தூர்க்காரன் வந்து அந்தச் சந்தனத்தைச் சொரண்டட்டும்' என்று இருந்தது. அதையும் சத்தமாகப் படித்தாள்.

"அது வேண்டாம், நாமளே சொரண்டிக்கிடுவோம்" என்றார் சவரிமுத்து சார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பொய் சொன்னது பிடிக்கல. மறுபடி சொன்னா நிசமாவே கோயம்புத்தூருதான். இனி வாராவாரம் நீயே வந்து பாத்துச் சொல்லு."

தை மாதம் முடிவதற்குள் ஏழு மணி ரிப்போர்ட் உண்மையாகவே தானாக வர ஆரம்பித்தது. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு முத்துலட்சுமி மறுபடி படுத்துத் தூங்கிவிட்டாள், ஆபீஸுக்கே வரவில்லை. கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை.

அதற்கெல்லாம் முன்பே, மில்லுக்குப் போன அந்த வாரத்திலேயே, முதலாளி எனக்கு ஆர்டர் கொடுத்தார். டைப் அடித்த தாளின் அடியில் பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'கூட்டங்களில் எந்த விளையாட்டும் கூடாது.' ஆறு மாதமாக எந்தத் தாளுக்காக ஏங்கினேனோ, அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த வரிய அடிச்சாத்தான் கையெழுத்து போடுவேன் சார்" என்றேன். கணேசன் அண்ணனும் பிரபுவும் பேசிக்கொள்கிறார்கள், பேக்கப் ஓடுகிறது, மில்லில் பிளக் பாயிண்ட் வந்துவிட்டது, இதற்கு மேல் ஒரு விளையாட்டு என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். அவர் பேனாவை எடுத்தார். வரியை அடித்துவிட்டு மாற்றி எழுதினார்: 'புரட்டாசி மாதத்தில் விளையாட்டு கூடாது.' அது நியாயம். கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் வீட்டில்தான் இது இன்னும் முடியவில்லை. நான் யாரிடமாவது குரலை உயர்த்தினால் போதும், கேஸ் சிலிண்டர் போடுகிறவரானாலும் சரி, என் வீட்டுக்காரரானாலும் சரி, அப்பா எங்கிருந்தாலும் சத்தம் கொடுப்பார்: "ஏட்டி, அவிய விளையாடுதாவளான்னு முதல்ல கேட்டுக்கோ!" என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே இந்தக் கதையைச் சொல்லி மாப்பிள்ளை வீட்டாரை எச்சரித்தவர் அவர். என் நான்கு வயது மகளுக்கும் இப்போது அந்த வசனம் பாடம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். முதலாளியிடமிருந்து போன். கையெல்லாம் சாம்பார் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ரேவதி, எனக்கு முன்ன மாதிரி ஏலல. ஆவணியோட ஒதுங்கிக்கிடலாம்னு இருக்கேன். இனி ஆபீஸ முழுசா நீதான் பாக்கணும். எல்லாரையும் கேட்டுட்டேன், எல்லாருக்கும் சம்மதம்."

நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள், எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருந்த அப்பா கையை உயர்த்தினார்.

"ஏட்டி, விளையாடுதாரான்னு கேளு!"

மறுமுனையில் முதலாளி சிரிப்பது கேட்டது.

"இல்லைங்கய்யா, நிசந்தான். வேணும்னா புரட்டாசி சனிக்கிழமை வந்து இன்னொரு தடவ சொல்லுதேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சாம்பார்க் கையோடு உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே, பொறுப்பேற்கிற அன்று முதல் கூட்டத்தில் என்ன விளையாட்டு வைக்கலாம் என்றும் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.